சுக்கானியின் பதில்

ஜூன் 3

சுக்கானி அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்திருப்பதைப் பார்த்ததுமே என் கோபம் இன்னும் ஆறவில்லை என்று புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, மேலே படியுங்கள்.

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். மகள் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பெட்டியைத் தூக்கியவள், "என்னம்மா இந்தக் கனம் கனக்குது, வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டியா?" என்றாள். "உங்கப்பா அப்படித்தான் அனுப்பி வெச்சிருக்காரு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனிலேயே பேசித் தொலைக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்கிறார். அவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? உங்களோடு போனில் பேசுவதும் கிணற்றுக்குள் குனிந்து பேசுவதும் ஒன்றுதான். நான் சொன்னதுதான் திரும்பி வரும். கடிதமென்றால் நமக்குப் பழக்கம். நீங்கள் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் கடிதத்தில்தானே குடும்பம் நடத்தினோம்.

அன்றைக்கு வாசற்படியில் நின்று நான் என்ன சொன்னேன்? "பேசாம இனிமே மக வீட்டுலயே இருந்துடலாம்னு பாக்கறேன்" என்றேன். எந்தப் பெண்டாட்டியும் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். எந்தப் புருஷனும் அதற்கு, "ஏன், இங்க என்ன குறை?" என்றாவது கேட்பான். நீங்கள், "இனிமே மக வீட்டுலயே இருந்துடப் போற" என்றீர்கள். அப்புறம் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். கீழேயிருந்து, "பெட்டிய வண்டியில வெச்சாச்சு" என்று குரல் வேறு. கூலிக்கு வந்தவன்கூட ஒரு வார்த்தை விசாரித்திருப்பான்.

இன்னொரு விஷயம். மகளும் மாப்பிள்ளையும் வேறு வீட்டுக்கு மாறப்போகிறார்கள். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கூடுதலாக ஓர் அறை இருக்கிறது. "உனக்குன்னு எடுக்கட்டுமாம்மா? நிரந்தரமா இருப்பேன்னா சொல்லு" என்று கேட்கிறாள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமாம். நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்? உங்களைத்தான் கேட்கிறேன்.

ரத்த அழுத்த மாத்திரை அலமாரியில், இரண்டாவது டப்பாவில் இருக்கிறது.

இன்னமும் உங்கள் மனைவியாகிய நான்.

*

ஜூன் 9

அன்புள்ள கொடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்துகொண்டேன். பெட்டி கனமாக இருந்ததும் தெரிந்துகொண்டேன். கோபம் ஆறவில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன்.

மாத்திரை இரண்டாவது டப்பாவில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

இங்கே மேற்குக் காற்று. மிதமான வேகம். வானத்தில் பாதி மேகம். துறைமுகத்துக்கு வெளியே சில கப்பல்கள் நங்கூரம் போட்டு, உள்ளே வர முறை பார்த்துக்கொண்டிருக்கின்றன. குளியலறைக் குழாய் ஒழுகியது. அடைத்துவிட்டேன். உடம்பு சுகம்.

மகள் வேறு வீட்டுக்கு மாறுகிறாள். கூடுதலாக ஓர் அறை. பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சரி.

நீ வேலை பார்த்த கொடிக்கடை முதலாளியைத் தெருவில் பார்த்தேன். உன்னை விசாரித்தார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். "எப்ப வருவாங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
சுக்கானி

*

ஜூன் 14

சுக்கானி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "இது லெட்டரா, வானிலை அறிக்கையா?" என்று கேட்டாள். பாவம், அவளுக்குப் புதிது. எனக்கு இது நேற்று இன்று ஆரம்பித்ததா?

கல்யாணமாகி முதல் பயணம் போனீர்களே, நினைவிருக்கிறதா? கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்து ஆள் சைக்கிளில் வந்து, நான் கப்பல் கொடி தைத்த கடையிலேயே உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். மிஷின் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கொடி தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் துணியைப் போட்டுவிட்டு என்னைச் சுற்றி நிற்பார்கள். "என்னடி எழுதியிருக்காரு, படிடி" என்று ஒரே நச்சரிப்பு. நான் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்? "தென்கிழக்குக் காற்று. கடல் கொந்தளிப்பு. நாளை மறுநாள் கரை சேர்வோம். உடம்பு சுகம்." இதை எப்படிப் படித்துக் காட்டுவது? நானே இட்டுக்கட்டுவேன். "உன் நெனப்பாவே இருக்குதாம், சாப்பாடே எறங்க மாட்டேங்குதாம்" என்று முகத்தைக் கடிதத்துக்குள் வைத்துக்கொண்டு படிப்பேன். அவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள். காஜா எடுக்கிற அக்கா ஒருநாள் அழுதேவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி தூரம்வரை நானும் அதை நம்பிக்கொண்டு வருவேன். வீட்டில் வந்து இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தால் தென்கிழக்குக் காற்றுதான் இருக்கும்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கில் அந்தப் புதுத்துணி வாசனை வருகிறது. அலமாரி முழுக்க மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு. உலகத்துக் கப்பல் எல்லாம் பேசுகிற பேச்சை அந்த ஐந்து நிறத்தில் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். எனக்கு மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை.

இதையும் கேட்டுவிடுகிறேன், ரொம்ப நாளாக நெஞ்சில் கிடக்கிறது. நம் கல்யாணம் எப்படி முடிவாயிற்று? என் அப்பா உங்களைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, "என் பொண்ணுக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்றார். நீங்கள் "புடிச்சிருக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், தேநீர் வந்தது, தேதி குறித்தாயிற்று. நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உங்களோடு குடும்பம் நடத்தி உங்கள் சுபாவம் தெரிந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உங்களுக்கு என்னைப் பிடித்திருந்ததா, இல்லை அப்பா சொன்னதைத் திருப்பிச் சொன்னீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறை கிடக்கட்டும் ஒரு பக்கம். நான் சொல்லாத ஒரு வார்த்தையை நீங்களாக என்னிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் அறையைப் பற்றி முடிவு செய்கிறேன்.

உங்கள் மனைவி

*

ஜூன் 20

அன்புள்ள கொடிக்காரிக்கு,

உன் கடிதத்தில் இருந்ததையெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். பாதியில் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது காகிதம்.

சுக்கான் அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். கேப்டனோ, துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறுகிற பைலட்டோ "போர்ட் டென்" என்பார். சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம். சக்கரம் பிடித்து நிற்கிறவன் உடனே திருப்பிவிடக் கூடாது. முதலில் "போர்ட் டென்" என்று அவர் சொன்னதையே சொல்ல வேண்டும். பிறகு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். முள் பத்தில் வந்து நின்றதும், "போர்ட் டென் ஆச்சு" என்று மறுபடியும் சொல்ல வேண்டும். உத்தரவு போடுகிறவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் கண் கடலில் இருக்கும். நான் வாயைத் திறந்தால்தான் எனக்குக் காது கேட்டது என்று அவருக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கப்பலில் இன்னொரு சுக்கானி இருந்தார். நல்ல மனிதர். பேச்சு மட்டும் வராது, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். ஒருநாள் பனிமூட்டத்தில் கப்பலைக் கரையணைக்கும்போது, கேப்டன் வெளித்தளத்தில் நின்று உத்தரவு போட்டார். இவர் உள்ளேயிருந்து தலையாட்டினார். காதில் விழவில்லையோ என்று கேப்டன் உள்ளே ஓடி வந்தார். அவர் ஓடி வந்த நேரத்தில் வெளியே பார்க்க ஆளில்லை. கப்பலின் மூக்கு கரைச்சுவரில் உரசிக்கொண்டே போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் தூக்கத்தில்கூடத் திருப்பிச் சொல்கிறவன் ஆகிவிட்டேன்.

வாசற்படியில் நான் சொன்னது சம்மதம் இல்லை. நீ சொன்னது காதில் விழுந்தது என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு, "மிட்ஷிப்", அதாவது சுக்கானை நேராக்கு என்று நீ சொல்லியிருந்தால் பெட்டியைத் திரும்ப மேலே கொண்டு வந்திருப்பேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இங்கே நாள் நகர மாட்டேன் என்கிறது. சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகப் போகிற கப்பலில், அடித்தொட்டிகளில் கடல்தண்ணீரை நிரப்பிக்கொள்வோம். அந்தக் கனம் இல்லையென்றால் சின்ன அலைக்கும் கப்பல் ஆட்டமாய் ஆடும். வீடு அப்படித்தான் இருக்கிறது. சாப்பிட இரண்டு தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன்.

அறை விஷயம் நீ முடிவு செய்ய வேண்டியது. கப்பல் எங்கே போக வேண்டும் என்று சுக்கானி சொல்வதில்லை.

உடம்பு சுகம். காற்றைப் பற்றி எழுதவில்லை.

சுக்கானி

*

ஜூன் 26

என் அன்புச் சுக்கானிக்கு,

'அன்பு' தானாக வந்து விழுந்துவிட்டது, அடிக்க மனம் வரவில்லை. அதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் அழுதேன். இதை மட்டும் என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் எத்தனை சண்டையை மிச்சம் பிடித்திருக்கலாம். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் பதறியபோது, "காய்ச்சல்" என்று நீங்கள் சொன்னதற்கு நான் உங்களோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் கொடி தைத்தவளிடமே கதை விடுகிறீர்களே. சிவப்பும் வெள்ளையுமாய் நீளமாகக் கூம்பிப் போகிற பதில்கொடியை எத்தனை தைத்திருப்பேன். இன்னொரு கப்பல் சொல்வதைப் பார்த்துவிட்டால் அதைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். சொன்னது புரிந்துவிட்டால் உச்சிக்கு ஏற்ற வேண்டும். பார்த்தேன் என்பது வேறு, புரிந்தது என்பது வேறு. துணிக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் காலம் பூராவும் பாதிக் கம்பத்திலேயே நிற்கிறீர்கள்.

'நீ முடிவு செய்ய வேண்டியது' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேப்டன் ஆக்கியது யார்? நீங்கள் கடலில் இருந்தீர்கள், அதனால் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று நான் முடிவு செய்தேன். கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, என் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, எல்லாம் நான். அப்பா விஷயத்தில் நான் எடுத்த முடிவு சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது. கேட்க ஆளில்லை. நீங்கள் ஓய்வுபெற்று வந்ததும் இதையெல்லாம் இறக்கி வைக்கலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன என்று என் வாயைப் பார்த்தீர்கள். நல்ல மனிதர்தான். சொன்னதைத் தட்டியதே இல்லை. ஆனால் வீட்டில் இரண்டு பேர் இருந்தும் யோசிக்கிறவள் ஒருத்தி என்றால், அது தனியாக இருப்பதைவிட அலுப்பு.

நேற்று மகள் அந்த வீட்டைக் காட்டக் கூட்டிப் போனாள். அறை நன்றாக இருக்கிறது. காலை வெயில் தரையில் பாதிவரை வருகிறது. தையல் மிஷின் போட இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று மகள் கேட்டாள். "அப்பா என்ன சொல்றாரு" என்றேன். எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பத்தாம் தேதி நெருங்குகிறது. உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அறையை எடுக்கச் சொல்லிவிடுவேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொல்லிவிடுவேன்.

உங்கள் மனைவி

*

ஜூலை 3

என் கொடிக்காரிக்கு,

காகிதத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், எழுந்து அலைதடுப்புச் சுவரின் கடைசிவரை நடந்து போய்விட்டு வந்தேன். அங்கே நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "யார்கிட்டங்க பேசறீங்க?" என்றார். "என் வீட்டுக்காரிகிட்ட" என்றேன். "அவங்க எங்க?" என்றார். வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் சந்தேகம். உன் அப்பா சொன்னதை நான் திருப்பிச் சொன்னது உண்மைதான். வாய் அப்படித்தான் பழகியிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் நான் எத்தனை தடவை உன் கடைக்கு வந்தேன் என்று யோசித்துப் பார். ஒவ்வொரு தடவையும் கிழிந்த கொடி ஒன்றைக் கொண்டு வருவேன். காற்று கிழித்துவிட்டது என்பேன். காற்று எங்கேயாவது தையல் ஓரமாகப் பார்த்து நேர்கோட்டில் கிழிக்குமா? நல்ல கொடியைச் சவரக்கத்தியால் நான்தான் பிரிப்பேன். சரக்கறைக்காரன், "நம்ம கப்பல்ல மட்டும் கொடி ஏன்டா இப்படி நாரா போவுது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். நீ ஒருநாளும் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்பாய். எனக்கு அது போதும். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. உன் அப்பா வாயைத் திறப்பதற்கு வெகுநாள் முன்பிருந்தே.

இரண்டாவது, உன் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தது சரியான முடிவு. அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுக்கச் சீட்டு விளையாடினார். என்னை ஏமாற்றித்தான் ஜெயித்தார். அப்போதே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்காவிட்டால் சொல்லக் கூடாது என்று யார் எனக்குச் சொன்னது என்று இப்போது யோசிக்கிறேன்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

பயணம் முடிந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது, கடைசி நேர்வழியில் உன் கடையின் மாடி எங்களுக்கு நேர் எதிரே வரும். ஆனால் சக்கரத்தில் நிற்கிறவன் கண்ணுக்குப் படாது. கப்பலின் முன்கம்பம் சரியாக அதை மறைத்துக்கொண்டு நிற்கும். பைலட் பக்கத்தில் இருக்கும்போது நான் சக்கரத்தை விட்டு அரையடி நகர முடியாது. மாதக்கணக்காகக் கடலையே பார்த்துவிட்டு வருகிறேன், ஊர் தெரிகிறது, மலை தெரிகிறது, கிடங்குகள் தெரிகின்றன, உன் ஜன்னல் ஒன்றுதான் தெரியவில்லை. அதனால் கப்பலை ஒரு டிகிரி இடப்பக்கம் விடுவேன். கம்பம் விலகும். ஜன்னல் வரும். வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்துத் தையலைச் சரிபார்த்துக்கொண்டு நீ நிற்பாய். முகம்கூடத் தெரியாது, அந்தத் தூரத்தில் கையில் இருக்கிற துணியின் நிறம் மட்டும்தான். ஒரு மூச்சு நேரம் பார்ப்பேன். திரும்ப நேராக்கிவிடுவேன். நீ இல்லாத நாளில் ஜன்னல் வெறுமையாக இருக்கும். அன்றைக்கு இறங்கியதும் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வருவேன்.

ஒரு தடவை கேப்டன் கண்டுபிடித்துவிட்டார். "சுக்கானி, ஒரு டிகிரி எடதுல போறியே" என்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் பார்த்த பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் பைலட் பக்கம் திரும்பி, அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கடந்து போகிறவரை அந்தப் பேச்சை நிறுத்தவில்லை.

காலமெல்லாம் அடுத்தவர் சொன்ன பக்கம்தான் கப்பலைத் திருப்பினேன். அந்த ஒரு டிகிரியை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த அறை நல்ல அறைதான். காலை வெயில் உனக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்று மகளிடம் சொல். உன்னைக் கேட்டு இதை எழுதவில்லை. வீட்டுக்கு வா. நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். நீ இறங்காவிட்டால் வெள்ளிக்கிழமையும் நிற்பேன்.

உன்னுடையவன்